முதுகில் படும் சூடு

விடிய இன்னும் நேரம் இருக்கிறது.

வாய்க்காலில் தண்ணீர் ஓடும் சத்தம். இரவெல்லாம் ஓடியதுதான். இப்போதுதான் கேட்கிறது.

வேம்புக்குக் கீழே வான் நிற்கிறது. கண்ணாடியில் பனி. விரலால் ஒரு கோடு இழுக்கிறேன். கோட்டின் நுனியில் ஒரு துளி சேர்கிறது. தயங்குகிறது. இறங்குகிறது.

*

இடதுபக்கச் சீற்றின் கொளுக்கியைக் கழற்றித் தூக்குகிறேன்.

எஞ்சின்.

நேற்று மாலை பரந்தன் போய் வந்தது. உள்ளங்கையை இரும்புக்குக் கிட்டப் பிடிக்கிறேன். சூடு இல்லை. குளிரும் இல்லை.

டீசல் மணம். அதற்கடியில் பழைய ஒயில். அதற்கும் அடியில் புழுதி. இன்னும் அடியில் ஏதோ ஒன்று, வயல் போல.

உமி. போன மாசியில் ஏற்றிய மூட்டைகளிலிருந்து கொட்டுண்டது.

*

டொல்பின் என்கிறார்கள். ரொயோட்டா ஹையேஸ், எல்.எச். 113. இந்த வடிவம் ஜப்பானில் வெளிவந்தது 1989இல். அதற்கு முந்தியதை ஷெல் என்கிறார்கள். சின்னது லொட்டோ. யார் வைத்த பெயர்களோ. செய்தவர்களின் காதுக்கு இவை எட்டியிருக்காது.

2779 சி.சி. நாலு சிலிண்டர். முன்சில்லுகளுக்குப் பின்னால், சாரதிக்கும் பக்கத்தில் இருப்பவருக்கும் நடுவே, சீற்றுக்குக் கீழே.

மூக்கில் எஞ்சின் இல்லை. மூக்கே இல்லை.

*

தொலைபேசி அதிர்கிறது.

இங்கே விடிய ஐந்து மணி. கனடாவில், ஸ்காபுறோவில், நேற்றைய மாலை ஆறரை.

பெரியம்மாவின் மகன் வீடியோ ஒன்று அனுப்பியிருக்கிறான். 42 விநாடி. என்னைவிட மூன்று மாதம் மூத்தவன். ஒருநாளும் அவனை அண்ணா என்று கூப்பிட்டதில்லை.

கராஜ். ஒரு பல்ப். அதன் கீழே சிவப்பாகச் சின்னக் கார். கூரை அவனுடைய நெஞ்சளவுக்குத்தான் வருகிறது. கதவைத் திறந்து, தொலைபேசியை இரண்டு சீற்றுகளுக்கும் பின்னால் உள்ள இடுக்கில் வைக்கிறான். இருட்டு. திறப்பு திரும்பும் சத்தம்.

பிறகு அது.

கடைசி வரை அவன் வாய் திறக்கவில்லை.

*

மறுபடி கேட்கிறேன்.

முதலில் ஒரு இருமல். பிறகு சீராகிறது. சீரானதற்குள் சின்னதாக ஒரு உரசல், அம்மியின் ஓரத்தில் குழவி படுவது போல.

வெளியே செம்பகம் ஒன்று தொடங்குகிறது. இரண்டும் ஒரே தாளத்தில் இல்லை. ஆனாலும் இடைஞ்சலாக இல்லை.

*

அந்தச் சிவப்புக் கார், ரொயோட்டா எம்.ஆர்.2.

மிட்ஷிப், ரன்னபவுட், இரண்டு சீற். பெயரின் எழுத்துகளுக்கு இதுதான் விரிவு. 1983இல் ரோக்கியோ கண்காட்சியில் முன்மாதிரியாகக் காட்டினார்கள். 1984இல் விற்பனைக்கு வந்தது. ஜப்பானியக் கம்பனி ஒன்று எஞ்சினை நடுவில் வைத்துத் தொகையாகச் செய்து விற்ற முதற் கார். 

1587 சி.சி. பதினாறு வால்வு. அதன் தலையை வடிவமைக்க யமஹா கைகொடுத்தது. கொரோலாவுக்கும் போட்ட எஞ்சின்தான். அதைக் குறுக்கே திருப்பி, சீற்றுகளுக்குப் பின்னால், பின்சில்லுகளுக்கு முன்னால் இறக்கினார்கள்.

வேறு எஞ்சின் இல்லை. வேறு இடம். அவ்வளவுதான்.

*

இந்தக் கார் விளையாட்டுக் காராகத் தொடங்கவில்லை.

1976இல் ரொயோட்டாவுக்குள் ஒரு யோசனை. எண்ணெய் விலை உலகத்தை உலுப்பி மூன்று வருடம் கழிந்திருந்த நேரம். ஓட்ட ஆசையாக இருக்க வேண்டும், எண்ணெயும் குறைவாகக் குடிக்க வேண்டும். அப்படி ஒரு வண்டி. 1979இல் அக்கியோ யோஷிதா என்ற பொறியியலாளர் எஞ்சினை எங்கே வைப்பது என்று ஒவ்வோர் இடமாகப் பார்க்கத் தொடங்குகிறார்.

முன்னால். பின்னால். நடுவில்.

ஒரு மனிதன் ஒரு பாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வீட்டுக்குள் எங்கே இறக்கலாம் என்று சுற்றிப் பார்ப்பது போல இருக்கிறது இதை நினைக்க.

*

எண்ணெய் குறைவாகக் குடிப்பது.

1990க்குப் பிறகு, போர்க்காலத்தில், இங்கே பெற்றோல் மருந்துப் போத்தலில்தான் கண்ணில் படுகிறது. ஒழுங்கையின் முடிவு வீட்டில் ஒஸ்ரின் ஏ-40 ஒன்று. அது மண்ணெண்ணெயில் ஓடுகிறது. முதலில் சில துளி பெற்றோல், எஞ்சின் பிடிப்பதற்கு மட்டும். பிடித்தவுடன் மண்ணெண்ணெய். வெள்ளைப் புகை. புகைக்குள் நாங்கள் இரண்டு பேர், பத்து வயது, ஓடுகிறோம்.

இப்போதும் குப்பி விளக்கு மணத்தால் எனக்குப் பயணம் ஞாபகம் வருகிறது. இருட்டு அல்ல.

*

வெயில் வேலியைத் தாண்டிவிட்டது.

வானின் கூரையில் வேப்பம்பூ. நேற்றுத் துடைத்தேன். இன்றும் வேப்பம்பூ.

*

வாய்க்கால் பக்கமிருந்து ஒரு பெண் குடத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வருகிறாள். படலையடியில் நாய் குரைக்கிறது. சட்டென்று திரும்புகிறாள். தண்ணீர் சிந்தவில்லை.

முந்தி ஒரு கிழவர் வருவார். தோளில் காவுதடி, இரண்டு முனையிலும் வாளி. அதே படலை, வேறு நாய். அவரும் திரும்புவார். உடம்பு திரும்பிவிடும். வாளிகள் திரும்பாது. அவை தங்கள் பாட்டில் கொஞ்சத் தூரம் போய், பிறகுதான் கிழவரைத் தேடி வரும்.

நடு எஞ்சின் பற்றி எத்தனையோ படம் கீறி விளங்கப்படுத்துகிறார்கள். பாரம் நடுவில் குவிந்திருந்தால் வண்டி கெதியில் திரும்பும். நினைத்தவுடன் திரும்பும்.

சிலவேளை நினைக்க முந்தியே.

*

அந்தக் காரின் இரண்டாம் பிறவி 1989இல். உருண்டை உடம்பு, இரண்டு லீற்றர், ரேர்போ வைத்ததும் உண்டு. அதன் தொடக்க கால வண்டிகளுக்கு ஒரு பெயர் இருக்கிறது, கெட்ட பெயர். வளைவுக்குள் வேகமாக நுழைந்து, நடுவழியில் பயந்து, காலை எடுத்தால் பின்பக்கம் முன்னால் வரப் பார்க்கும்.

கால் எழும்பியதும் பாரம் முன்னால் சாய்கிறது. பின்சில்லுகள் நிலத்தின் பிடியை விடுகின்றன. நடுவில் இருக்கும் கனம் பம்பரமாகிறது.

பிறகு வந்த வண்டிகளில் ரொயோட்டா சஸ்பென்ஷனை மாற்றிச் சரிசெய்தது.

பயந்தால் காலை எடுக்காதே என்று ஓட்டப் பழக்குபவர்கள் சொல்கிறார்களாம். பயந்தவனின் கால் அதைக் கேட்குமா தெரியவில்லை. என்னுடைய கால் கேட்காது.

*

மூச்சு உள்ளே வருகிறது. மூச்சு வெளியே போகிறது.

தூரத்தில் லான்ட்மாஸ்டர் உழவு மெசின் ஒன்று. அதன் சத்தம் வயலுக்கு மேலால் வந்து, மரங்களில் பட்டு, இரண்டாகிறது. 

*

அவனுடையது முதற் பிறவி. 1986. கனடாவில் விற்றது அல்ல. ஜப்பானிலிருந்து கப்பலில் வந்தது. பதினைந்து வருடம் தாண்டிய வாகனம் என்றால் கனடா உள்ளே விடும். ஆகவே ஸ்டியரிங் வலப்பக்கம்.

ஊரில் போல, என்று எழுதியிருந்தான், வாங்கிய அன்று. வேறொன்றும் எழுதவில்லை.

அந்த நகரத்தில் எல்லாரும் இடப்பக்கம் இருந்து ஓட்ட, அவன் மட்டும் வலப்பக்கம் இருக்கிறான். கோப்பிக் கடையின் யன்னலில் காசு கொடுக்க, பக்கத்துச் சீற்றுக்கு மேலால் எட்டிப் படுக்க வேண்டியிருக்கிறதாம்.

*

வடிவைப் பற்றி ஒரு வார்த்தை. அழகு என்று சொல்ல எனக்கு வாய் வராது. கடதாசியை மடித்துச் செய்த மாதிரி. கோடு, மூலை, கோடு. அவசரத்தில் மடித்தது போலக்கூட இருக்கிறது.

ஆனால் பொழுதுபட்டதும் முன்விளக்குகள் எழும்புகின்றன. அதுவரை முகமில்லாத ஒன்றுக்குக் கண் வருகிறது.

அதைப் பார்க்க மட்டும் அவன் முந்தி அனுப்பிய இன்னொரு வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறேன்.

*

பிரான்சில் இதன் பெயரிலிருந்த இரண்டை எடுத்துவிட்டார்கள். அவர்கள் மொழியில் சேர்த்துச் சொன்னால் கெட்ட வார்த்தையின் சாயல் வருகிறதாம். லாச்சப்பலில் இருக்கும் ஒருவர் அதைத் தொலைபேசியில் சொல்லிக் காட்டிச் சிரித்தார். எனக்கு விளங்கவில்லை. அவருடைய சிரிப்புக்குத்தான் சிரித்தேன்.

*

ஹொண்டாவின் என்.எஸ்.எக்ஸ். இருக்கிறது. 1990. உடம்பு முழுக்க அலுமினியம், மூன்று லீற்றர், ஆறு சிலிண்டர். அயர்ட்டன் சென்னா 1989இல் சுசுக்காவில் முன்மாதிரியை ஓட்டிப் பார்த்துவிட்டு, உடல் இன்னும் விறைப்பாக வேண்டும் என்றார். விறைப்பாக்கினார்கள். 

அது தேர். வடம் பிடிக்க நாள் பார்க்க வேண்டும்.

அடுத்த வருடம் அதே ஹொண்டாவின் பீட். 656 சி.சி. அதற்கும் எஞ்சின் நடுவில்தான். 

கொரோலா எஞ்சினோடு வந்தது எனக்குக் கிட்ட இருக்கிறது. கடைக்குப் போய்ப் பாண் வாங்கி வரலாம்.

*

நடு.

எழுதிப் பார்க்கிறேன்.

நடுச்சாமம். நடுவழி. நடுவன். நாற்று நடு. இங்கே நாற்று நடுவது குறைவு, வீசி விதைப்புத்தான். நடுகல். நடுக்கம்.

பேனை நிற்கிறது.

*

பின்னேரம். காற்று இல்லை. நாவல் மரத்தின் ஓர் இலை மட்டும் ஆடுகிறது. அந்த இலைக்கு மட்டும் காற்று.

*

சூடு.

வெப்பம். வெட்டிய கதிரைக் கொண்டுவந்து வட்டமாக அடுக்கிக் குவித்தால் அதுவும் சூடு. சூடு வைத்தார்கள். சூடடித்தார்கள். மாடுகள் சுற்றின, பிறகு உழவு மெசின் சுற்றியது. இப்போது வெட்டும் மெசின் வயலுக்குள் இறங்கி, வெட்டி, அடித்து, மூட்டைக்குள் கொட்டிவிட்டுப் போகிறது. குவிக்க ஒன்றும் இல்லை.

சூட்டுக்கு மூன்றாவது பொருளும் உண்டு.

வரம்பிலிருந்து கொக்கு எழும்புகிறது.

*

பெரியப்பாவின் ஷெல் வான். முன்சீற்றில் மூன்று பேருக்கு இடம். நடு இடம் எங்களுக்கு. இரண்டு சிறுவர்கள் ஒரு இடத்தில்.

அந்த இடத்துக்குக் கீழேதான் எஞ்சின்.

கிளிநொச்சிச் சந்தையிலிருந்து திரும்புகிறோம். மார்கழி. யன்னலுக்கு வெளியே மழை. ரெக்சினுக்குள்ளால் சூடு ஏறுகிறது. முதலில் தொடை. பிறகு இடுப்பு. முதுகு. கண்கள் மூடுகின்றன. காலுக்குக் கீழே ஒரு பெரிய மிருகம் படுத்துக்கொண்டே ஓடுவது போல.

கியர் மாற்றும்போது பெரியப்பாவின் முழங்கை எங்களில் யாரோ ஒருவரின் காதில் படுகிறது. யாருடைய காது என்று இப்போது பிரிக்க முடியவில்லை.

*

அவன் 1997இல் போனான்.

*

கனடாவில் றோட்டுக்கு உப்புப் போடுகிறார்கள், பனி உருக. உப்பு இரும்பைத் தின்னும். இந்தக் காரின் முதற் பிறவியைத் துரு நன்றாகவே தின்கிறது. சில்லுக்கு மேல் வளைவில் தொடங்கும். வெளியே ஒரு சின்னக் கொப்புளம். அதைத் தொட்டால் விரல் உள்ளே போகும்.

ஆகவே கார்த்திகையில் துணி போட்டு மூடுகிறான். பங்குனி கழியத் திறக்கிறான். 

கார்த்திகையில் இங்கே வயல் பச்சை. தையில் பொன். பங்குனியில் வெறும் தாள்.

அங்கே அந்தத் துணிக்குக் கீழே எதுவும் நடக்கவில்லை. வாரத்தில் ஒரு தரம் கராஜுக்குள் போய்ச் சும்மா இருந்துவிட்டு வருகிறானாம். ஓடாத காருக்குள்.

*

ஓடாத காருக்குள் இருப்பது.

நான் இப்போது அதைத்தான் செய்கிறேன். கதவு திறந்திருக்கிறது. ஒரு கால் நிலத்தில். ஸ்டியரிங்கில் மற்றக் கைகள் தேய்த்துத் தேய்த்து மினுங்கிய இடம். என் கையும் அதே இடத்துக்குத்தான் போகிறது.

*

வான் வெள்ளை நிறம்.

பக்கத்தைத் திருப்புகிறேன்.

*

2009 தை.

தர்மபுரம் கழிந்து விசுவமடு. றோட்டில் வாகனங்கள் ஒன்றுக்குப் பின் ஒன்று. உழவு மெசின், சைக்கிள், மாட்டுவண்டில், வான். ஒன்றும் அசையவில்லை. பிறகு கொஞ்சம் அசைகிறது. பிறகு இல்லை.

ஷெல் வான் ஒரு வாய்க்கால் ஓரம் நிற்கிறது. டீசல் முடிந்துவிட்டது. 

பெரியப்பா திறப்பை இழுத்தெடுக்கிறார். இறங்குகிறார். கதவைச் சாத்திப் பூட்டுகிறார். இழுத்துப் பார்க்கிறார். சுற்றிப்போய் மற்றக் கதவையும் பூட்டுகிறார்.

முன்கண்ணாடி இல்லை. 

*

திறப்பு வீட்டில் இருக்கிறது. சாமிப்படத்துக்குப் பக்கத்தில், ஆணியில்.

*

பிறகு, நெடுநாள் கழித்து, அந்த றோட்டின் ஓரங்களில் வாகனங்கள் குவியல் குவியலாகக் கிடக்கின்றன. கூரை மேல் கூரை. துரு எல்லாவற்றையும் ஒரே நிறமாக்கியிருக்கிறது. நடுவால் கொடி படர்ந்து பூத்திருக்கிறது.

ஒரு தரம் இறங்கி நடந்து பார்த்தேன். மணிக்கணக்கில் அல்ல. கொஞ்ச நேரம்.

எஞ்சின் சீற்றுக்குக் கீழே இருந்த வண்டிகளில் சீற் இல்லாததால் எஞ்சின் வெளியே தெரிந்தது. மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது. அதில் வானம்.

*

நாய் வந்து காலடியில் படுக்கிறது. எழும்புகிறது. ஒரு சுற்றுச் சுற்றி, அதே இடத்தில் படுக்கிறது.

*

டொல்பினை 2011இல் வாங்கினேன். வவுனியாவில் நின்றது. ஏ-9இல் ஓட்டிக்கொண்டு வரும்போது ஓமந்தை கழிய இடது தொடையில் சூடு ஏறத் தொடங்கியது. 

புளியங்குளம் வரை அதை மட்டும் கவனித்துக்கொண்டு வந்தேன்.

வாங்க வேறு காரணங்கள் இருந்தன. விலை, ஹயர் ஓட்டம், உதிரிப்பாகம் கிடைப்பது. கேட்டவர்களுக்கு அவற்றைத்தான் சொன்னேன்.

*

வற்றாப்பளைப் பொங்கலுக்கு. மடுவுக்கு. நல்லூர்த் தேருக்கு. கலியாண வீட்டுக்கு, செத்த வீட்டுக்கு. 

நடு இடத்தில் ஒவ்வொரு தரமும் ஏதோ ஒரு பிள்ளை. ஏறும்போது சண்டை பிடித்து இடம் பிடிக்கிற பிள்ளை. பரந்தன் சந்தி தாண்ட முந்தி நித்திரை. தலை என் தோளில் விழுகிறது. எழுப்புவதில்லை. கியர் மாற்றக் கையை எடுக்க வேண்டும். ஒரே கியரில் எவ்வளவு தூரம் போகலாம் என்று பார்க்கிறேன்.

எஞ்சின் முனகுகிறது. போகிறது.

*

2020 பங்குனியில் நாடு வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025 மாசியில். இடையில் பழைய டொல்பின்களின் விலை ஏறிக்கொண்டே போனது. வயது போகப் போக விலை கூடுவது மனிசருக்கு வாய்க்காது.

எம்.ஆர்.2 ஒன்றை இங்கே கொண்டுவர முடியாது. திறந்த பிறகும் முடியாது. வாகனத்துக்கு வயதெல்லை இருக்கிறது. அது அந்த எல்லையை எப்போதோ கடந்துவிட்டது. ஜப்பானிலும் 2007இல் செய்வதை நிறுத்திவிட்டார்கள். மூன்று பிறவி. நாலாவது இல்லை.

இல்லாத ஒன்றை இங்கிருந்து விரும்புவது இலேசு. கழுவத் தேவையில்லை. 

*

2022. ஆனி.

எரிபொருள் வரிசை. வானுக்கு முன்னால் வான். பின்னால் வான். இரண்டாம் இரவு.

எஞ்சினை நிறுத்திவிட்டுச் சீற்றில் சாய்கிறேன். கீழே இரும்பு ஆறும் சத்தம். டிக். நீண்ட இடைவெளி. டிக். அடுத்தது வரும் என்று காத்திருக்கிறேன். வரும்போது காத்திருந்ததை மறந்திருக்கிறேன்.

சீற்றில் சூடு எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கவனிக்கிறேன். அது போகும் நேரத்தைப் பிடிக்க முடியவில்லை. இருந்தது. பிறகு இல்லை. நடுவில் ஒரு கோடு இல்லை.

பக்கத்து வான்காரர் யன்னலால் தேத்தண்ணி நீட்டுகிறார். பால் இல்லை. சீனியும் இல்லை. சுடுகிறது.

*

அவனிடமிருந்து குறுஞ்செய்தி.

தண்ணீர் மாற்றினானாம். ரேடியேற்றர் காரின் மூக்கில். எஞ்சின் முதுகுக்குப் பின்னால். தண்ணீர் காரின் வயிற்றுக்கடியால் நீளக் குழாயில் போய், சுட்டு, திரும்பி வருகிறது. வழியில் எங்காவது காற்றுக்குமிழி ஒன்று மாட்டினால் எஞ்சின் கொதித்துவிடும். ஆகவே ஒவ்வொரு மூடியாகத் திறந்து காற்றை வெளியே விட வேண்டும். அவசரப்பட முடியாது. சனிக்கிழமை முழுக்க அதிலேயே போனது என்கிறான்.

குமிழி வரும், பிறகு வராது, பிறகு ஒன்று வரும், என்று எழுதியிருக்கிறான்.

வாசித்துவிட்டு வாய்க்காலுக்குப் போகிறேன். இரணைமடுவில் நேற்றுத் திறந்த தண்ணீர். கடைசி வயலுக்கு இன்னும் வரவில்லை. அந்த வயல்காரர் மண்வெட்டியை நட்டுவைத்துவிட்டு, குந்தியிருந்து, காய்ந்த வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

நானும் பக்கத்தில் குந்துகிறேன்.

முதலில் நுரை வருகிறது. அதில் சருகு. எறும்புகள் ஓடுகின்றன. பிறகு தண்ணீர்.

*

ஏன் அதை இவ்வளவு விரும்புகிறாய் என்று ஒரு தரம் கேட்டேன்.

"சத்தம் பின்னால இருந்து வரும்," என்றான். 

கொஞ்ச நேரம் தொலைபேசியில் ஒன்றும் இல்லை.

"ஆரோ பின்னால இருக்கிற மாதிரி."

*

மழை இருட்டு. மழை இல்லை.

*

ஆவணியில் வந்திருக்கிறான். இருபத்தெட்டு வருடத்துக்குப் பிறகு.

முகம் பெரியப்பாவினது. நடை யாருடையதோ.

விறாந்தையில் இருக்கிறான். தேத்தண்ணி குடிக்கிறான். கோழிகளைப் பார்க்கிறான். சாமியறைக்குள் போகிறான். ஆணியைப் பார்த்திருப்பான். வெளியே வரும்போது முகத்தில் திருநீறு. வேறொன்றும் தெரியவில்லை.

முற்றத்தில் இறங்கி வானைச் சுற்றி நடக்கிறான். ஒரு முழுச் சுற்று. ரயரைக் காலால் தட்டவில்லை. மற்ற எல்லாரும் தட்டுவார்கள்.

"திறப்பு எங்க?"

"அதிலதான் கிடக்கு."

*

வாய்க்கால் கட்டில் போகிறோம். இரண்டாம் கியர். இருபது மைல்கூட இல்லை. மருதமர நிழல் கண்ணாடியில் ஏறி, கூரைக்கு மேலால் போகிறது. அடுத்த நிழல்.

தலையை இடப்பக்கம் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு ஓட்டுகிறான். முதலில் கழுத்து நோகுதோ என்று நினைக்கிறேன்.

கேட்கிறான்.

"அங்க தோளுக்குப் பின்னால," என்கிறான். "இஞ்ச காலுக்குக் கிட்ட."

நடு இடம் வெறுமையாக இருக்கிறது. அவனுடைய கை கியரிலிருந்து எழும்பி, அந்த ரெக்சினில் ஒரு நிமிடம் கிடக்கிறது. உள்ளங்கை கீழ்ப்பக்கமாக.

ஒரு மயில் குறுக்கே நடக்கிறது. அவசரமில்லாமல். நிறுத்துகிறான். அது போகிறது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது. நாங்கள் ஓடவில்லை.

*

திரும்பி வந்து வேம்புக்குக் கீழே விடுகிறான். எஞ்சின் நிற்கிறது. 

டிக்.

"ஒருக்காத் தூக்கிப் பாக்கட்டே?"

சீற்றைத் தூக்குகிறான். சூடு முகத்தில் அடிக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் குனிந்தபடி நிற்கிறான். பெல்ட்டைத் தொட்டுப் பார்க்கிறான். ஒயில் கம்பியை இழுத்து, சாரத்தின் ஓரத்தில் துடைத்து, விட்டு, மறுபடி இழுத்துப் பார்க்கிறான். விரலில் ஏதோ ஒட்டுகிறது. வெளிச்சத்தில் பிடிக்கிறான்.

"என்னடா இது, உமியே?"

"ஓம்."

சீற்றை இறக்குகிறான். கொளுக்கி விழவில்லை. அது எப்போதும் ஒரு தரத்தில் விழாது. மறுபடி அமத்துகிறான். விழவில்லை.

விட்டுவிட்டு அதன்மேலே ஏறி இருக்கிறான்.